இன்னும் அடிக்கலையா?

கோல்ஃப் மட்டையை நான் இதுவரை கையில் பிடித்ததே இல்லை. அந்த மைதானத்துக்குள் கால் வைத்ததில்லை, பந்தைத் தொட்டுப் பார்த்ததில்லை, இனிமேல் கற்றுக்கொள்ளும் உத்தேசமும் இல்லை. ஆனால் 2009-லிருந்து தொலைக்காட்சியில் கோல்ஃப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சேனல் மாற்றும்போது கண்ணில் பட்டால் பார்ப்பது மாதிரி இல்லை, பெரிய போட்டி நடக்கும் வாரம் என்றால் வியாழன் முதல் ஞாயிறு வரை நாலு நாளும் உட்கார்ந்து பார்ப்பேன். வெளியில் அதிகம் சொல்லிக்கொள்வதில்லை. கால்பந்து பார்க்கிறேன் என்றால் யாரும் காரணம் கேட்பதில்லை, கோல்ஃப் என்றதும் "அதுல பார்க்க என்ன இருக்கு?" என்று கேட்டுவிட்டு ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள்.

அம்மாவுக்கும் இதே சந்தேகம்தான், கேட்கும் விதம்தான் வேறு. கூடத்தைக் கடந்து போகும்போது திரையை ஒரு பார்வை பார்த்துவிட்டு "என்னடா, அந்த மனுஷன் இன்னும் அடிக்கலையா?" என்பார். கால் மணி நேரம் கழித்துத் திரும்பி வரும்போதும் அதே கேள்வி. அதற்குள் ஆள் மாறியிருப்பார், இடம் மாறியிருக்கும், அம்மாவின் கண்ணுக்கு எல்லாம் ஒன்றுதான்: தொப்பி போட்ட ஒருவர் புல்வெளியில் குனிந்து நிற்கிறார்.

கேள்வி நியாயமானதுதான். ஒரு சுற்று, அதாவது பதினெட்டு ஹோல் (குழி), முடிய நாலரை மணி நேரம் ஆகிறது. அதில் ஒரு ஆட்டக்காரர் எழுபது தடவை அடிக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மட்டையைப் பின்னுக்குக் கொண்டுபோவதிலிருந்து பந்தில் படும்வரை ஒரு அடிக்கு ஒன்றரை வினாடிகூட ஆகாது. கூட்டிப் பார்த்தால் நாலரை மணி நேரத்தில் அவர் உண்மையில் "ஆடியது" இரண்டு நிமிஷத்துக்கும் குறைவு. மிச்ச நேரம் முழுக்க நடக்கிறார், நிற்கிறார், காற்றைப் பார்க்கிறார், கையில் இருக்கும் சின்ன நோட்டைப் புரட்டுகிறார், மூக்கைச் சொறிகிறார். நான் உட்கார்ந்து பார்ப்பது அந்த மிச்ச நேரத்தைத்தான்.

இது தொற்றிக்கொண்டது 2009 ஜூலையில், ஒரு காய்ச்சலின்போது. சோபாவில் போர்வைக்குள் கிடந்தேன், ரிமோட் எட்டாத தூரத்தில் இருந்தது, எழுந்து போய் எடுக்கத் தெம்பில்லை. திரையில் ஸ்காட்லாந்து கடற்கரையோரம் டர்ன்பெரி மைதானத்தில் ஓபன் சாம்பியன்ஷிப் ஓடிக்கொண்டிருந்தது, கோல்ஃபின் நான்கு பெரிய போட்டிகளில் ஒன்று. கடைசி நாள். முன்னிலையில் இருந்தவரைப் பார்த்தால் ஓய்வு பெறப் போகிறவர் மாதிரி இருந்தார். வர்ணனையாளர்கள் சொன்னதைக் கேட்டுத்தான் விஷயம் புரிந்தது. டாம் வாட்சன், வயது 59, ஒன்பது மாதத்துக்கு முன்புதான் இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவர். இதே ஓபனை ஐந்து தடவை வென்றிருக்கிறார், முதல் தடவை 1975-ல், கடைசித் தடவை 1983-ல். இந்த வயதில் யாரும் இந்த மாதிரிப் போட்டி எதையும் வென்றதில்லை. கடைசி ஹோலுக்கு வரும்போது ஒரு ஸ்ட்ரோக் முன்னிலை, அதாவது மற்றவர்களைவிட ஒரு அடி குறைவாக அடித்திருந்தார். பார் அடித்தால் போதும், அதாவது அந்த ஹோலுக்கு வகுத்திருக்கும் நாலு அடியில் முடித்தால் கோப்பை அவருக்கு.

இரண்டாவது அடி அருமையாகப் போனது. நேராகக் கொடியைப் பார்த்துப் போய், ஹோலைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரையான கிரீனில் விழுந்தது. விழுந்த பந்து நிற்கவில்லை. உருண்டது, உருண்டது, கிரீனின் பின்பக்கம் தாண்டி ஓரமாகப் போய் நின்றது. அங்கிருந்து பட்டரால், அதாவது பந்தை உருட்டும் மட்டையால், தள்ளினார், ஹோலைத் தாண்டி எட்டடி தூரம் போய்விட்டது. திரும்பி வர எட்டடி பட் ஒன்று, அப்படி உருட்டும் அடியைத்தான் பட் என்பார்கள். அந்த எட்டடிக்கு முன்னால் அவர் நின்ற நேரம் இன்னும் ஞாபகமிருக்கிறது, எனக்குக் காய்ச்சல் மறந்துபோனது. பந்து ஹோலின் பக்கமே போகவில்லை. அதன் பிறகு சமநிலையில் இருந்த ஸ்டூவர்ட் சிங்குடன், வெற்றியாளரை முடிவு செய்ய நான்கு ஹோல் பிளேஆஃப், அதில் வாட்சனிடம் எதுவும் மிச்சமில்லை, பெரிய வித்தியாசத்தில் தோற்றார். பத்திரிகையாளர் அறைக்குள் நுழைந்ததும் எல்லார் முகத்தையும் பார்த்துவிட்டு, இது ஒன்றும் இழவு வீடு இல்லையே என்றாராம். நான்தான் சோபாவில் இழவு வீட்டில் இருப்பவன் மாதிரி உட்கார்ந்திருந்தேன், அந்த மனிதரின் பெயரையே மூன்று மணி நேரத்துக்கு முன்புதான் கேள்விப்பட்டிருந்தேன்.

அப்புறம் யோசித்தபோதுதான் ஒன்று உறைத்தது. அவரை யாரும் தோற்கடிக்கவில்லை. மற்ற ஆட்டங்களில் எதிராளி ஒருவர் இருக்கிறார். பந்து நம்மை நோக்கி வருகிறது, யோசிக்க அரை வினாடி, உடம்பு தானாக ஏதோ செய்துவிடுகிறது. தப்பாகப் போனாலும் பந்து திரும்பியது, ஆள் குறுக்கே வந்தான், நடுவர் கவனிக்கவில்லை என்று எதையாவது சொல்லிக்கொள்ளலாம். கோல்ஃபில் பந்து வராது. அது பாட்டுக்குப் புல்லில் உட்கார்ந்திருக்கிறது, எவ்வளவு நேரமானாலும். நாம்தான் அதனிடம் போக வேண்டும், நாம்தான் முடிவெடுக்க வேண்டும், மனசு கெட்டுப்போக வேண்டிய அளவுக்கு நேரம் தாராளமாக இருக்கிறது. ஒரு மனிதன் தன் தலைக்குள் தனியாக மாட்டிக்கொண்டு இருப்பதை இவ்வளவு கிட்டத்தில் காட்டும் இன்னொரு ஆட்டம் எனக்குத் தெரியாது. சதுரங்கம் ஓரளவுக்கு அப்படி, ஆனால் அங்கே எதிரில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார்.

எட்டடி என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் பிராடி, தொழில்முறை ஆட்டக்காரர்களின் ஒவ்வொரு அடியையும் லேசர் வைத்து அளந்த தரவுகளை எடுத்து ஆராய்ந்தார். அதன்படி உலகத்தின் தலைசிறந்த ஆட்டக்காரர்களே எட்டடியிலிருந்து பாதிக்குப் பாதிதான் போடுகிறார்கள். இருபதடி என்றால் நூற்றுக்குப் பதினைந்து. மூன்றடி என்றால் அநேகமாக எல்லாமே உள்ளே. அவருடைய இந்த முறையிலிருந்து வந்ததுதான் "ஸ்ட்ரோக்ஸ் கெயின்ட்" என்று இப்போது திரையில் ஓடுகிற புள்ளிவிவரம், மற்றவர்களைவிட எத்தனை அடி மிச்சம் பிடித்தார் என்று சொல்வது, 2011-ல் அமெரிக்கத் தொழில்முறைத் தொடரான பிஜிஏ டூர் அதை அதிகாரபூர்வமாக எடுத்துக்கொண்டது. இந்தக் கணக்கு தெரிந்தபின் ஆட்டம் பார்க்கும் விதமே மாறிவிட்டது. முன்பெல்லாம் எட்டடியைத் தவறவிட்டால் "என்னப்பா இது" என்று தோன்றும். இப்போது அது நாணயம் சுண்டுவது மாதிரி என்று தெரியும், அதனால் திக் திக்கென்று இருக்கும். உண்மையில் பயமுறுத்துவது எட்டடி இல்லை, மூன்றடிதான். ஏனென்றால் அதைப் போட்டால் யாரும் கைதட்டப் போவதில்லை, விட்டால் ஆயுசுக்கும் பேசுவார்கள்.

ரோரி மெக்கில்ராய்க்கு அது நடந்தது. 2024 யுஎஸ் ஓபன், பைன்ஹர்ஸ்ட். அந்த சீசனில் மூன்றடிக்குள் அவர் அடித்த 496 பட்டுகளில் ஒன்றுகூடத் தவறியிருக்கவில்லை. கடைசி நாள் 16-வது ஹோலில், இரண்டரை அடி. போனது. 18-வதில் நாலடிக்குக் கொஞ்சம் குறைவு. அதுவும் போனது. பின்னால் வந்துகொண்டிருந்த பிரைசன் டிஷாம்போ அதே ஹோலில் 55 கஜத் தூரத்து மணற்குழியிலிருந்து அடித்து ஹோலுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தி வென்றுவிட்டார். அந்த நேரத்தில் கேமரா எங்கே போனது தெரியுமா? ஸ்கோர் கார்டு கொடுக்கும் அறைக்கு. அங்கே மெக்கில்ராய் நின்றுகொண்டு, என்னை மாதிரியே, தொலைக்காட்சியில் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்த வகையில் எல்லாவற்றுக்கும் தாத்தா ஜான் வான் டெ வெல்டேதான். நான் பிற்பாடு பதிவாகத்தான் பார்த்தேன், ஆனால் முடிவு தெரிந்தே ஏழெட்டுத் தடவை பார்த்துவிட்டேன். 1999 ஓபன், கார்னூஸ்டி, கடைசி ஹோல், மூன்று ஸ்ட்ரோக் முன்னிலை. நாலில் முடிக்க வேண்டிய ஹோலை ஆறில் முடித்தாலும் கோப்பை அவருக்குத்தான். சின்ன மட்டையை எடுத்து மூன்று தட்டு தட்டியிருந்தால் வேலை முடிந்தது. அவர் டிரைவரை, அதாவது வெகுதூரம் அடிக்கும் பெரிய மட்டையை, எடுத்தார். பந்து வலது பக்கம் எங்கேயோ போனது, அதிர்ஷ்டவசமாகத் தண்ணீரில் விழவில்லை. சரி, இனியாவது அடங்குவார் என்று பார்த்தால் அடுத்த அடியும் கிரீனை நோக்கி. அது பார்வையாளர் மேடையில் பட்டுத் திரும்பி வந்து நீண்ட புல்லுக்குள் விழுந்தது. அங்கிருந்து அடித்தது பாரி பர்ன் என்கிற ஓடைக்குள். அப்புறம் ஷூவையும் சாக்ஸையும் கழற்றி, கால்சட்டையைச் சுருட்டிவிட்டு, ஓடைக்குள் இறங்கி நின்றார். தண்ணீரிலிருந்தே அடிக்கலாமா என்று யோசித்தார். இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவர் அப்படி நின்ற அந்தக் காட்சி, சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. கடைசியில் அபராதம் ஏற்று வெளியே எடுத்து வைத்து ஆடினார், அது மணற்குழிக்குள் போனது. ஏழில் முடித்தார். பிளேஆஃபில் வென்றது பால் லாரி, அன்று காலை பத்து ஸ்ட்ரோக் பின்தங்கியிருந்தவர். இதில் யாரும் கவனிக்காத ஒன்று, ஏழாவது அடி. அவ்வளவும் ஆன பிறகு, கை நடுங்கியிருக்க வேண்டிய நேரத்தில், அந்தக் கடைசி பட்டை அவர் அழகாக உள்ளே போட்டார். அதைத் தவறவிட்டிருந்தால் அவருக்குப் பிளேஆஃபே கிடையாது.

நேரில் போய்ப் பார்ப்பதுதானே என்று யாராவது கேட்டால் வேண்டாம் என்பேன். மற்ற ஆட்டங்களில் மைதானத்தில் இருப்பவருக்குத்தான் அனுபவம் முழுசாகக் கிடைக்கும். கோல்ஃபில் நேரில் போனவருக்கு ஒரு ஹோல்தான் தெரியும், மற்ற பதினேழும் மரங்களுக்குப் பின்னால். தூரத்தில் ஒரு ஆரவாரம் கேட்கும், யாருக்காக என்று ஊகிக்க வேண்டியதுதான். அமெரிக்காவின் அகஸ்டாவில், பெரிய போட்டிகளில் இன்னொன்றான மாஸ்டர்ஸ் நடக்கும்போது பார்வையாளர்கள் செல்போன் கொண்டுபோகக்கூடாது, ஓடவும்கூடாது, ஆக உள்ளே இருப்பவர்களைவிட வீட்டில் இருக்கும் எனக்கு விஷயம் அதிகம் தெரியும். இந்த ஆட்டத்தை ஒரே கதையாகக் கோத்துக் கொடுத்தது தொலைக்காட்சிதான். நமக்குப் பழகிப்போன அந்த -7, +2 என்று பாருக்கு மேலே கீழே ஸ்கோர் காட்டும் முறையையே பரப்பியவர் அமெரிக்கத் தொலைக்காட்சி நிறுவனமான சிபிஎஸ்ஸின் தயாரிப்பாளர் ஃபிராங்க் சிர்கினியன் என்பார்கள், 1960 வாக்கில். அதற்கு முன்னால் மொத்தம் எத்தனை அடி என்றுதான் காட்டுவார்கள். கடைசி நாளில் ஒருவர் 11 ஹோல் முடித்து, நாலு நாளும் சேர்த்து 256, இன்னொருவர் 15 ஹோல் முடித்து 271 என்றால் யார் முன்னால்? வீட்டில் உட்கார்ந்திருப்பவன் காகிதமும் பென்சிலும் தேட வேண்டும். ஒரு மைனஸ் குறி வந்து அந்தத் தலைவலியைத் தீர்த்தது.

அப்புறம் அந்தக் கோடு. பந்து பறக்கும் பாதையைத் திரையில் வண்ணக்கோடாக வரைந்து காட்டுகிறார்களே, அது. 43 மில்லிமீட்டர்கூட இல்லாத வெள்ளைப் பந்து, வெள்ளை மேகம், அதைக் கேமராவில் பின்தொடர்ந்த மனிதர்களை நினைத்தாலே எனக்கு மரியாதை வரும். ஸ்வீடனைச் சேர்ந்த ஒருவர் உருவாக்கிய தொழில்நுட்பம் அது. அது வந்தபின்தான் பந்து நேராகப் போவதே இல்லை என்று எனக்குப் புரிந்தது. எல்லாரும் வேண்டுமென்றே வளைத்துத்தான் அடிக்கிறார்கள். மரத்துக்கு வலப்பக்கம் புறப்பட்டு இடப்பக்கம் வந்து இறங்கும் அந்தக் கோட்டைப் பார்ப்பது கோலம் போடுபவரின் விரலைப் பார்ப்பது மாதிரி.

தொலைக்காட்சியால் முடியாத ஒன்றும் இருக்கிறது: மேடு பள்ளம். திரையில் எல்லாம் சமதளமாகிவிடுகிறது. அகஸ்டாவின் பத்தாவது ஹோல் தொடக்கத்திலிருந்து கிரீன் வரை ஏறக்குறைய நூறடி இறங்குகிறது என்று படித்தபோது நம்பவே முடியவில்லை, அத்தனை வருஷமாக அதைத் தெருவோரப் புல்வெளி மாதிரிதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சத்தத்தைச் சொல்லாமல் விட முடியாது. மட்டை பந்தில் படும் அந்த "டொக்", அதற்குப் பின் ஒரு அமைதி, தூரத்தில் பறவைகள், வர்ணனையாளரின் தணிந்த குரல். மைதானத்துக்குள் ஆட்டக்காரர்களோடு நடக்கும் வர்ணனையாளர் கிசுகிசுப்பதில் அர்த்தம் இருக்கிறது, பத்தடியில் ஒருவர் அடிக்கப் போகிறார். மூடிய அறைக்குள் உட்கார்ந்திருப்பவர்களும் சேர்ந்து கிசுகிசுப்பது ஏன் என்றுதான் எனக்கு விளங்குவதில்லை, கோயிலுக்கு வெளியே நின்றுகொண்டும் குரலைத் தணிப்பது மாதிரி ஒரு பழக்கம் போலிருக்கிறது. இந்தப் பறவைகள் விஷயத்தில் ஒரு வேடிக்கை. 2000-ல் சிபிஎஸ் ஒளிபரப்பில் கூவிய பறவை, போட்டி நடந்த இடத்தில் இருக்கவே வாய்ப்பில்லாதது என்று பறவை நோக்குபவர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். பின்னணியில் பதிவு செய்த பறவைக் குரலைச் சேர்த்ததை அந்த நிறுவனம் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. எனக்கு இதில் கோபமே வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்துக்குத் தாலாட்டு பாடியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

ஆமாம், தூங்குவேன். அதையும் சொல்லிவிடுகிறேன். கோல்ஃப் ஓடும்போது வருகிற தூக்கத்துக்கு ஈடு கிடையாது. ஒன்பதாவது ஹோலில் கண் மூடி, பதிமூன்றாவதில் விழித்து, இடையில் என்ன நடந்தது என்று லீடர்போர்டைப் பார்த்து ஊகிப்பதும் ஆட்டத்தின் பகுதிதான்.

எனக்கு ரொம்பப் பிடித்தது ஆட்டக்காரரும் கேடியும் பேசிக்கொள்வது. பையைத் தூக்குபவர் என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். அந்த உரையாடல்களை மைக் பிடித்துக் கொடுக்க ஆரம்பித்தபின்தான் தெரிந்தது, கேடி பாதி மந்திரி, பாதி மனைவி. 2017 ஓபன், ராயல் பர்க்டேல், கடைசி நாள் 13-வது ஹோல். ஜோர்டன் ஸ்பீத்தும் மேட் கூச்சரும் சமநிலை. ஸ்பீத் அடித்தது கிரீனுக்குப் போகும் புல்பாதையான ஃபேர்வேயை விட்டு எங்கேயோ வலது பக்கம், மணல்மேட்டுச் சரிவில் போய் விழுந்தது. ஆட முடியாத இடம். அபராதம் ஏற்று, விதிப்படி பின்னோக்கி நடந்து நடந்து பயிற்சி மைதானத்துக்கே போய்விட்டார், அங்கே மட்டைக் கம்பெனிகளின் லாரிகள் நிற்கின்றன. லாரி மறைக்கிறது என்று அதற்கும் சலுகை. அங்கிருந்து பார்த்தால் கிரீன் தெரியவே தெரியாது, முன்னால் ஒரு மேடு. இருபது நிமிஷத்துக்கு மேல் ஆயிற்று. கூச்சர் பாவம் ஃபேர்வேயில் தனியாகக் காத்துக்கொண்டிருந்தார். தூரம் இன்னும் அதிகம், பெரிய மட்டை வேண்டும் என்று ஸ்பீத் சொல்ல, அவருடைய கேடி மைக்கேல் கிரெல்லர் இல்லை, அவ்வளவு இல்லை என்று மறுத்து அதைவிடச் சின்ன மட்டையான 3-அயர்னை எடுக்க வைத்தார். கிரெல்லர் முன்பு பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்தவர், கணக்கில் விட்டுக்கொடுப்பாரா? அந்த ஹோலை ஒரே ஒரு ஸ்ட்ரோக் நஷ்டத்தோடு முடித்தார் ஸ்பீத். அடுத்த நாலு ஹோலில் பர்டி (பாரைவிட ஒரு அடி குறைவு), ஈகிள் (இரண்டு அடி குறைவு), பர்டி, பர்டி. ஈகிளுக்கான அந்த நீளமான பட் விழுந்ததும் கேடியைப் பார்த்து, போய் அந்தப் பந்தை எடு என்று கைநீட்டினார். அம்மாவிடம் இந்தக் கதையை உற்சாகமாகச் சொன்னேன். "இருபது நிமிஷமா?" என்றார். அவர் காதில் விழுந்தது அது ஒன்றுதான்.

விதிகளைப் பற்றி நிறைய எழுதலாம், ஆனால் பாதி எனக்கே புரியாது. ஒன்று மட்டும். 2010 ஏப்ரலில் ஹில்டன் ஹெட் போட்டியில் பிரையன் டேவிஸ், ஜிம் ஃபியூரிக்கோடு பிளேஆஃப் ஆடினார். அதுவரை பிஜிஏ டூரில் அவர் ஒரு போட்டிகூட வென்றதில்லை. கிரீனுக்குப் பக்கத்துச் சதுப்பு ஓரத்தில் பந்து விழுந்தது. அடித்து முடித்ததும் நடுவரைக் கூப்பிட்டு, மட்டையைப் பின்னுக்குக் கொண்டுபோனபோது ஒரு காய்ந்த நாணலில் உரசியது மாதிரி இருந்தது, கொஞ்சம் பாருங்கள் என்றார். யாரும் பார்க்கவில்லை, கேமராவில் மெதுவாக ஓட்டிப் பார்த்தபோதுதான் அந்த நாணல் அசைந்தது தெரிந்தது. இரண்டு ஸ்ட்ரோக் அபராதம். ஃபியூரிக் வென்றார். டேவிஸ் அதற்குப் பிறகும் பிஜிஏ டூரில் எதுவும் வெல்லவில்லை. கைக்கு எட்டியதைத் தானே தட்டிவிட்டார்.

இதன் மறுபக்கம் அசிங்கமானது. ரொம்ப வருஷம், வீட்டில் உட்கார்ந்து பார்ப்பவர்கள் போன் பண்ணி "அந்த ஆள் விதியை மீறினார்" என்று புகார் சொல்லலாம், அதை எடுத்துக்கொள்வார்கள். 2017-ல் ஏஎன்ஏ இன்ஸ்பிரேஷன் என்ற பெண்கள் போட்டியில் லெக்ஸி தாம்சன் முன்னிலையில் ஆடிக்கொண்டிருக்கும்போது, முந்தைய நாள் கிரீனில் பந்தைச் சரியான இடத்திலிருந்து துளியூண்டு தள்ளி வைத்தார் என்று ஒரு பார்வையாளர் அனுப்பிய மின்னஞ்சலை வைத்து நாலு ஸ்ட்ரோக் அபராதம் போட்டார்கள். நடு ஆட்டத்தில் வந்து சொன்னார்கள். அழுதுகொண்டே அடுத்த ஹோலில் பர்டி அடித்து, கடைசி ஹோலிலும் பர்டி அடித்து பிளேஆஃப் வரை இழுத்துக்கொண்டு போய் ரியூ சோ-யோனிடம் தோற்றார். 2018-லிருந்து பார்வையாளர் புகார்களை எடுத்துக்கொள்வதில்லை என்று முடிவாயிற்று, நல்ல காரியம். சோபாவில் படுத்துக்கொண்டு இருப்பவனுக்கு எதற்கு விசில்?

குறைகள் இல்லாமலா? தாமதம் ஒரு பெரிய குறை, அம்மா பக்கம் நியாயம் இருக்கிறது. 2018-ல் டோரி பைன்ஸில் ஜே.பி. ஹோம்ஸ் கடைசி ஹோலில் ஒரே அடிக்கு முன்னால் நாலு நிமிஷத்துக்கு மேல் நின்றார். காற்று நிற்குமா நிற்குமா என்று பார்த்துவிட்டுக் கடைசியில் கிரீனுக்கே அடிக்காமல் பாதி தூரம் தட்டிவிட்டார். அன்று நானே திரையைப் பார்த்து "இன்னும் அடிக்கலையா" என்று கத்தினேன். விளம்பரங்கள் இன்னொன்று. மாஸ்டர்ஸ் மட்டும் மணிக்கு நாலு நிமிஷத்துக்கு மேல் விளம்பரம் விடாமல் வைத்திருக்கிறது, மற்றவற்றில் விளம்பரத்துக்கு நடுவே கொஞ்சம் கோல்ஃப் காட்டுகிறார்கள். 2022-ல் பிஜிஏ டூருக்குப் போட்டியாக வந்த எல்ஐவி தொடர் எனக்கு ஒட்டவே இல்லை. பணத்தைப் பற்றிய சண்டையை விடுங்கள். எல்லாரும் வெவ்வேறு ஹோலில் ஒரே நேரத்தில் தொடங்குவதால் முன்னிலையில் இருப்பவரின் கடைசி ஹோல் எல்லாருக்கும் கடைசி ஹோலாக இருப்பதில்லை. ஒவ்வொருவர் கதையும் ஒவ்வொரு மூலையில் முடிகிறது. எனக்கு எல்லாரும் முடித்துவிட்டுப் போனபின் கடைசியாக அந்த இரண்டு பேர் 18-வது ஹோலில் நடந்து வர வேண்டும்.

வெள்ளிக்கிழமையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. வியாழன் தொடங்கும் 156 பேரில் இரண்டு நாள் முடிந்ததும் பாதிப் பேருக்கு மேல் வீட்டுக்குப் போக வேண்டும், பெரும்பாலான போட்டிகளில் கையில் காசும் இல்லாமல். வெள்ளி சாயங்காலம் வெளிச்சம் குறையும் நேரத்தில், பெயர் தெரியாத ஒருவர் கட் கோட்டின்மேல், அதாவது தங்குவதா போவதா என்ற எல்லையில், நின்று ஆறடி பட் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருப்பார். உள்ளே போனால் இன்னும் இரண்டு நாள் வேலை. போகாவிட்டால் பையைக் கட்டிக்கொண்டு விமானம். கேமரா அவரைப் பத்து வினாடிதான் காட்டும், பிரபலமானவரிடம் ஓடிவிடும். அந்தப் பத்து வினாடிக்காக நான் வெள்ளிக்கிழமை பார்ப்பேன். 2021-ல் டோக்கியோ ஒலிம்பிக்ஸில் அதிதி அசோக் ஆடியதும் எனக்கு இந்த வகையில்தான் பிடித்தது. தரவரிசையில் 200-வது இடம், கூட ஆடியவர்களைவிடப் பந்து வெகுவாகப் பின்னால் விழும், ஆனால் கிரீனுக்கு வந்தபின் பட் ஒவ்வொன்றும் உள்ளே. பதக்கத்துக்கு ஒரே ஒரு ஸ்ட்ரோக் குறைவு, நாலாவது இடம்.

2025 மாஸ்டர்ஸ் கடைசி நாள் அம்மா தண்ணீர் எடுக்க வந்தார். மெக்கில்ராய் 13-வது ஹோலில் நின்றுகொண்டிருந்தார். 2014-க்குப் பிறகு பெரிய போட்டி எதையும் அவர் வென்றதில்லை, மாஸ்டர்ஸை எப்போதுமே வென்றதில்லை, 2011-ல் நாலு ஸ்ட்ரோக் முன்னிலையோடு கடைசி நாள் தொடங்கி 80 அடித்துத் தொலைத்தவர். இப்போது முன்னிலை, கிரீன் எதிரில், எண்பது சொச்சம் கஜம், கண்ணை மூடிக்கொண்டு அடிக்கலாம். அடித்தார். ஓடைக்குள் போயிற்று. "அடப்பாவி" என்றார் அம்மா. சொம்பு கையில் இருந்தது, உட்காரவில்லை, போகவும் இல்லை.

அடுத்த ஒரு மணி நேரம் அப்படியே நின்றார். 15-வதில் மரத்தைச் சுற்றி வளைத்துக் கிரீனுக்குக் கொண்டுவந்தபோது அது எப்படி என்று கேட்டார், கோட்டைக் காட்டி விளக்கினேன். 18-வதில் ஐந்தடி பட், போட்டால் கோப்பை. ரொம்ப நேரம் நின்றார் மெக்கில்ராய். அம்மா அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. பந்து இடப்பக்கமாக வழுக்கிப் போனது. பிளேஆஃப். மறுபடி அதே 18-வது ஹோல். இந்தத் தடவை பந்தை ஹோலுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்து உள்ளே போட்டார், பட்டரை விட்டுவிட்டு முழங்காலில் விழுந்து நெற்றியைப் புல்லில் வைத்து அழுதார். நான்கு பெரிய போட்டிகளையும் வென்ற ஆறாவது ஆள்.

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தேன். அவர் திரையில் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

"இன்னொரு பையன் ஆடினானே, அவன் எங்கடா?"

ஜஸ்டின் ரோஸ், 44 வயது. அன்று பத்து பர்டி அடித்து 66-ல் முடித்துப் பின்னாலிருந்து ஏறி வந்தவர். 2017-லும் இதே மாஸ்டர்ஸில் பிளேஆஃபில் தோற்றவர். சொன்னேன்.

"ரெண்டு தடவையா?" என்றார். "அவனைக் காட்டவே இல்லையே. கொஞ்சம் பின்னால ஓட்டு."

ஓட்டினேன். பிளேஆஃபில் அவர் அடித்த பட் ஹோலை உரசாமல் தாண்டிப் போவதை இரண்டு தடவை பார்த்தோம். அப்புறம் அவர் தொப்பியைக் கழற்றி, ரோரியைக் கட்டிப்பிடித்துவிட்டு, திரையின் சட்டத்துக்கு வெளியே நடந்து போனார். கேமரா கூடப் போகவில்லை.